மகளின் மருந்து நேரத்தைக் காத்தவர்களுக்கு

முதல் நன்றி எங்கள் கொக்கட்டிச்சோலை மருத்துவமாது அக்காவுக்கு. 14 மாதத்தில் மகளின் கிளினிக் கொப்பியில் நிறைக்கோடு ஏறாமல் படுத்துவிட்டது. ‘தாய் ஒழுங்காகச் சாப்பாடு கொடுப்பதில்லை’ என்றார்கள். நானும் அதை நம்பி அழுதேன். அக்கா மட்டும், “பிள்ளை ஏன் இவ்வளவு தண்ணீர் கேட்கிறது?” என்றார். அந்த ஒரு கேள்விதான் எங்களை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கும், பிறகு இரவு ரயிலில் கொழும்புக்கும் கொண்டுபோனது.

நோய், ஆர்.ரி.ஏ. எனப்படும் சிறுநீரகக் குழாய்க் குறைபாடு. வைத்தியர் காகிதத்தில் கீறிக் காட்டினார்: சிறுநீரகம் அமிலத்தை வெளியேற்றத் தவறினால் அது இரத்தத்தில் தேங்கும், அதைத் தணிக்க எலும்பு தன் உப்புகளை இழக்கும். எலும்பே கரைந்தால் பிள்ளை எப்படி உயரும்? கரைந்த கல்சியம் சிறுநீரகத்தில் படியும். பொற்றாசியம் குறைந்து கால்கள் சோரும். சோறு ஊட்டி இதைத் தீர்த்திருக்கவே முடியாது என்று அன்றுதான் அறிந்தேன். அந்த அரை மணி நேரத்துக்கு, வைத்தியர் ஐயா, கோடி நன்றி.

நானும் கணவரும் மச்சான் மச்சாள் முறை. இருவரிடமும் அந்த மரபணுப் பிழை மறைந்திருப்பதால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்று வைத்தியர் சொன்னபோது, மாமி எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். மாமி, அந்தப் பிடியை மறக்கமாட்டேன்.

இரத்தத்தின் அமிலத்தைத் தணிக்கும் சித்திரேற்று மருந்தை நாளுக்கு 4 தடவை கொடுக்க வேண்டும். நிறை கூடக் கூட அளவையும் கூட்ட வேண்டும். கார்த்திகை வெள்ளத்தில் மருந்து தீர்ந்த நாளில், காத்தான்குடி ஆட்டோ நானா மண்முனைப் பாலம் கடந்து நனைந்தபடி கொண்டுவந்தார். வாடகை வாங்கவில்லை.

இந்நோயின் சில வகைகளில் செவிப்புலனும் குறையும். மகளுக்குக் குறைந்தது; மருந்தால் அது திரும்பவில்லை. வகுப்பாசிரியை அவளை முன்வாங்கில் இருத்தினார், முகம் பார்த்துப் பேசினார், பகல் மருந்தைத் தன் கைக்கடிகாரம் பார்த்துக் கொடுத்தார். தண்ணீர்ப் போத்தலுக்கும் கழிப்பறைக்கும் அவள் அனுமதி கேட்டு நின்றதே இல்லை.

படிந்த கல்சியம் அப்படியே இருக்கிறது. ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் தொடர்கின்றன. மருந்து ஆயுளுக்கும் வேண்டும். ஆனால் இரத்தத்தில் அமிலம் கட்டுப்பட்டபின் எலும்பு உறுதியாயிற்று, பிள்ளை வளரத் தொடங்கினாள். இப்போது அவளுக்கு 13 வயது.

மருத்துவமாது அக்கா, ஓய்வு பெற்றுவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள். கதவு நிலையில் நாங்கள் கீறி வரும் கோடு என் தோளைத் தாண்டிவிட்டது.