அந்த ரேப்பரைக் கேட்ட அண்ணாவுக்கு

அன்புள்ள அண்ணா,

இன்று செப்டம்பர் 25, பாடகர் எஸ்.பி.பாலசுப்ரமணியம் நினைவு நாள். காலையிலிருந்து எல்லோருடைய ஸ்டேட்டஸிலும் பாலு சார்தான். உங்கள் செய்திக்கு இதுவரை பதில் போடாமல் இருந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நம் வார இதழில் அவர் மறைவுக்கு நான் செய்த எஸ்.பி.பி. அட்டையையும் (நம் பாஷையில் ரேப்பர்), அச்சுக்குப் போகும் முன் நான் செய்த முதல் வடிவத்தையும் உங்கள் தொகுப்புப் புத்தகத்துக்காகக் கேட்டிருந்தீர்கள். வாட்ஸ்அப்பில் 'சரி' என்றோ 'முடியாது' என்றோ போட்டிருக்கலாம். இரண்டுமே முழுப் பதிலாக இருந்திருக்காது.

பொதுவில் ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். அந்த அட்டையைப் பற்றி வெளியே நிறையப் பேர் பேசிவிட்டார்கள். செய்தவள் ஒருமுறை பேசட்டும். நம் பழைய ஆபீஸ்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். அதனால் சில இடங்களில் பாதியிலேயே நிறுத்திக்கொள்வேன். உங்களுக்குப் புரியும்.

அஞ்சலி அட்டை என்பது செய்தி இல்லை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். செய்தி டிவியில் வந்துவிடும், வீட்டுக்கு வீடு தெரிந்துவிடும், நாம் கடைக்குப் போய்ச் சேர நாலைந்து நாள் ஆகும், அதற்குப் பிறகும் ஒருத்தர் காசு கொடுத்து வாங்குகிறார் என்றால் அவருக்கு என்ன வேண்டும் என்று யோசி என்பீர்கள். அமெரிக்காவின் பீப்பிள் பத்திரிகைக் கதையை உங்களிடம்தான் கேட்டேன். 1977இல் எல்விஸ் பிரெஸ்லி இறந்தபோது அவர்கள் அவரை அட்டையில் போடவில்லை. 1980 டிசம்பரில் பீட்டில்ஸ் பாடகர் ஜான் லென்னன் சுட்டுக் கொல்லப்பட்டபோது போட்டார்கள், விற்பனை எங்கோ போனது. அதன் பிறகு ஆசிரியர் ரிச்சர்ட் ஸ்டாலி தன்னுடைய அட்டை விதிகளின் கடைசியில் ஒன்றைச் சேர்த்தார்: செத்துப்போன பிரபலத்தை விட நன்றாக விற்பது எதுவும் கிடையாது. "இந்த விதி தெரிஞ்சிருக்கணும்மா, ஆனா அதுக்காக வேலை செய்யக்கூடாது" என்று சொல்லிவிட்டு, உங்கள் மேஜைக்குப் பின்னால் ஒட்டியிருந்த ரோலிங் ஸ்டோன் அட்டையைக் காட்டுவீர்கள். 1981 ஜனவரி இதழ். மனைவி யோகோவைக் கட்டிக்கொண்டு கிடக்கும் லென்னன். பத்திரிகையின் பெயரைத் தவிர ஒரு எழுத்து இல்லை. பாடகர் பிரின்ஸ் இறந்த 2016இல் நியூயார்க்கர் பத்திரிகை, ஆளின் முகமே இல்லாமல், அவருடைய 'பர்ப்பிள் ரெயின்' பாட்டை நினைவூட்டும் வெறும் ஊதா மழையை அட்டையாகப் போட்டதும், அதை எடுத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி எல்லா மேஜைக்கும் போய்க் காட்டினீர்கள். அப்போது உங்களை எனக்கு எவ்வளவு பிடித்தது என்று நான் சொன்னதே இல்லை.

அதனால்தான் 2020 ஆகஸ்ட் என்னை அவ்வளவு அடித்தது.

5ஆம் தேதி எஸ்.பி.பி. கொரோனாவோடு மருத்துவமனையில் சேர்ந்தபோது, லேசான தொற்றுதான், யாரும் கவலைப்பட வேண்டாம் என்று அவரே வீடியோவில் சொன்னார். 13ஆம் தேதி இரவு உடல்நிலை மோசமானது. அடுத்த நாள் மருத்துவமனை அறிக்கை வந்ததும் நீங்கள் கூப்பிட்டீர்கள். "ஒண்ணு ரெடியா வச்சுக்கோ" என்றீர்கள். எதை என்று நீங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நீங்கள் சொன்ன காரணங்கள் எல்லாம் சரியானவை, அண்ணா. ரேப்பர் ஆர்ட் பேப்பரில் தனியாக, உள் பக்கங்களுக்கு முன்பே அச்சாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு. பிரஸ்ஸில் பாதி ஆள் ஊருக்குப் போயிருந்தார்கள். கல்கி அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போன ஆண்டு அது. நம் இதழ் அடுத்த வாரம் வருமா என்பதே ஒவ்வொரு வாரமும் கேள்வியாக இருந்தது. நியாயம்தான். ஆனால் நான் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, உயிரோடு இருக்கிற ஒருவருக்கு அஞ்சலி செய்துகொண்டிருந்தேன்.

20ஆம் தேதி மாலை ஆறு மணி. பாரதிராஜா எல்லோரையும் கூட்டுப் பிரார்த்தனைக்கு அழைத்த நாள். இருக்கிற இடத்திலேயே அவர் பாட்டைப் போடச் சொல்லியிருந்தார்கள். எதிர் பிளாட்டில் முதலில் ஒரு பாட்டு ஆரம்பித்தது, அப்புறம் கீழ் வீட்டில் வேறொன்று, தெருமுனையில் யாரோ ஆட்டோவில் இன்னொன்று. ஒன்றோடொன்று சேரவில்லை, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வந்தன. என் அம்மா பால்கனியில் கைகூப்பி நின்றாள். நான் உள்ளே அவர் பிறந்த வருடத்தை '1946' என்று அடித்து, பக்கத்தில் ஒரு கோடு போட்டு, அதற்கு மேல் கை நகராமல் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் உங்கள் போன். உங்கள் வீட்டிலும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, எனக்குக் கேட்டது. "வருஷத்தையும் போட்டுடும்மா. கடைசி நேரத்துல மாத்த ஆள் இருக்காது" என்றீர்கள்.

நான் போடவில்லை. போட்டுவிட்டேன் என்று உங்களிடம் சொல்லவும் இல்லை. "பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அம்மா உள்ளே வந்து திரையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அன்று இரவு என்னிடம் பேசவும் இல்லை. டைஃபாய்டில் படுத்த பாலு என்ற பையன் வந்து பாடட்டும் என்று எம்.ஜி.ஆர். காத்திருந்த கதையைச் சொல்லிச் சொல்லி என்னை வளர்த்தவள். அவளுக்கு அவர் வெறும் பாடகர் இல்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது ரேடியோவில் இருந்த ஒரே தெரிந்த குரல்.

நீங்கள் ஏன் அந்த நேரத்தில் கூப்பிட்டீர்கள்? ஏழு மணிக்குக் கூப்பிட்டிருக்கலாமே. ஐந்து நிமிடப் பிரார்த்தனை முடியும்வரை பொறுத்திருக்கலாமே. இதை நான் இன்னும் ஜீரணிக்கவில்லை, ஜீரணித்துவிட்டதாகச் சொல்லப் போவதும் இல்லை.

செப்டம்பர் முதல் வாரத்தில் தொற்று போய்விட்டது, ஐபேடில் கிரிக்கெட் பார்க்கிறார் என்று அவர் மகன் சரண் சொன்னபோது, அந்தக் கோப்பை அழித்துவிடட்டுமா என்று உங்களைக் கேட்டேன். "இருக்கட்டும்" என்றீர்கள். உங்கள் குரலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். நல்லபடியாக வீட்டுக்கு வந்தால் அதே படத்தை வைத்து வேறு அட்டை போடலாம் என்றுகூடச் சொன்னீர்கள். மருத்துவமனையில் சேர்ந்து 51 நாள் கழித்து, செப்டம்பர் 25ஆம் தேதி பகல் ஒரு மணி தாண்டியதும் அது இல்லை என்று ஆனது. நான்தான் '2020' என்று அடித்தேன். நாலு எழுத்து. மறுநாள் தாமரைப்பாக்கத்தில் போலீஸ் மரியாதையோடு அடக்கம் நடக்கும்போது நம் ரேப்பர் அச்சு பிளேட்டுக்குப் போய்விட்டிருந்தது.

படத்தைத் தேர்ந்தெடுத்தது நீங்கள் என்பதை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். என்னைப் பாராட்டியவர்கள் எல்லோரும் அந்தப் படத்தைத்தான் பாராட்டினார்கள். நான் சிரித்த முகத்தை வைத்திருந்தேன். நீங்கள் அதைத் தூக்கிவிட்டு, ரெக்கார்டிங்கில் கையில் பாட்டுத் தாளோடு, இன்னும் வாய் திறக்காமல், தன் இடம் வருவதற்காகக் கண்ணாடி வழியாகக் கவனித்துக்கொண்டிருக்கும் பழைய படத்தைத் தோண்டி எடுத்தீர்கள். தலைப்பே வேண்டாம் என்று நிர்வாகத்தோடு சண்டை போட்டீர்கள். 'பாடும் நிலா மறைந்தது' என்று போட்டால்தான் கடையில் தெரியும் என்றார்கள். நீங்கள் விடவில்லை. எங்கள் ஏரியா சலூனில் அந்த அட்டையைக் கிழித்துக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள், இன்னும் இருக்கிறது. வாரா வாரம் எவ்வளவோ அட்டை போட்டோம், எதையாவது யாராவது சட்டம் போட்டு வைத்தார்களா? காசு கொடுத்து வாங்கியவருக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில் என்று நினைக்கிறேன். துக்கத்துக்கு ஒரு பொருள் வேண்டியிருக்கிறது. அந்த வருடம் யாரும் போய்ப் பார்த்து அழ முடியாத வருடம்.

அதற்குப் பிறகு நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. ஆள் குறைப்பில் யார் பெயர் வந்தது, யார் கையெழுத்துப் போட்டார்கள், யார் அன்று அந்த அறையில் ஒன்றும் பேசாமல் இருந்தார்கள் என்பது தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். தலைப்புக்காகச் சண்டை போட்டவர் எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று நான் நினைத்தது தப்பா? உங்கள் போனை எடுக்காமல் இருந்ததற்கும், உங்கள் பையன் கல்யாணத்துக்கு வராமல் இருந்ததற்கும் மன்னித்துவிடுங்கள். அண்ணியிடம் நானே பேசுகிறேன். வந்திருந்தால் உங்களைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டும். அது அப்போது என்னால் ஆகாது.

விவேக் சார் போன 2021 ஏப்ரலில் நான் வேறு இடத்தில் இருந்தேன். முதல் நாள் மருத்துவமனை, மறுநாள் விடிகாலையில் முடிந்தது. எங்களிடம் ஒன்றும் தயாராக இல்லை. கிடைத்த படத்தை வைத்து அவசரத்தில் ஒன்று செய்தோம், நன்றாக வரவில்லை. அவருக்கு அது போதாது. அன்று உங்களை நினைத்துக்கொண்டேன். முன்கூட்டிச் செய்து வைப்பது மரியாதைக் குறைவு இல்லை, சில சமயம் அதுதான் மரியாதை என்று அன்றுதான் ஒத்துக்கொண்டேன். இப்போது அப்படிச் செய்து வைக்கவும் செய்கிறேன். யாருடையவை என்று கேட்காதீர்கள், அவர்கள் நன்றாக இருக்கிறார்கள், இருக்கட்டும்.

ஆனால் அதைக் காட்டக்கூடாது, அண்ணா. இதில் மட்டும் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். 'எப்படி உருவானது' என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் படிப்பவர்களுக்குச் சுவாரசியமாக இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். இருக்கும். உங்கள் சுவரில் இருந்த அந்த லென்னன் படத்தை ஆன்னி லீபோவிட்ஸ் எடுத்தது அவர் இறந்த அன்றேதான், சுடப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு. ஆனால் அது உயிரோடு இருக்கிறவரை எடுத்த படம், உயிரோடு இருக்கிறவர் பார்ப்பதற்காக எடுத்தது. நான் செய்த முதல் வடிவம் அப்படி இல்லை. அவர் மூச்சுக்காகப் போராடிக்கொண்டிருந்தபோது, ஊரே அவருக்காக வேண்டிக்கொண்டிருந்தபோது செய்தது. அதை அவர் வீட்டில் யாராவது புரட்டிப் பார்க்க நேர்ந்தால் என்ன நினைப்பார்கள்? அச்சான அட்டை ஜனங்களுடையது. அந்தக் கோடு வரைக்கும் அடித்தது எனக்கும் உங்களுக்கும் நடுவில் இருந்த வேலை. அது அங்கேயே இருக்கட்டும்.

அச்சான ரேப்பரின் பெரிய கோப்பை இன்று மாலை உங்கள் மெயிலுக்கு அனுப்புகிறேன். வடிவமைப்பு என்று என் பெயரை மட்டும் போட வேண்டாம், உங்கள் பெயரும் வர வேண்டும். படத்தேர்வு என்று தனியாகப் போடுங்கள், போட்டோகிராபர் பெயர் கிடைத்தால் அதையும். இன்னொன்றை நீங்கள் மறுபடி கேட்டாலும் தர மாட்டேன். புத்தகம் வந்ததும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.