பெயர் இல்லாத கடை

அடியே வாயாடி,

நாலு மாசமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அத்தைக்கு முட்டி வலி தேவலையா? சின்னவள் இன்னும் பல்லியைப் பார்த்தால் ஊரைக் கூட்டுகிறாளா? இங்கே எல்லோரும் சுகம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் எழுத்துத் தொழிலுக்கு ஒரு பெயர் வைத்தே ஆக வேண்டும். போன மாசம் ஒரு நிறுவனத்துக்கு வலைத்தளம் முழுக்க எழுதிக் கொடுத்தேன். கம்பீரமாக இருக்கட்டுமே என்று பில்லின் தலையில் வாய்க்கு வந்த ஒரு பெயரைப் போட்டேன். அவர்கள் அந்தப் பெயருக்கே காசோலை எழுதிவிட்டார்கள். வங்கிக் கணக்கோ என் பெயரில். இருபது நாள் அலைச்சல்! தனியாள் தொழிலில் கடையும் ஆளும் சட்டத்துக்கு ஒன்றுதான், பெயர் என்பது மேலே மாட்டுகிற சட்டை. அந்தச் சட்டையையும் முறையாகப் பதிந்து வங்கியில் காட்டினால்தான் அதன் பெயரில் வருகிற காசு கைக்கு வரும். இது எனக்கு இத்தனை வருஷம் கழித்து உறைக்கிறது.

அன்றிலிருந்து நோட்டில் பெயர்களாக எழுதித் தள்ளுகிறேன். 43 ஆச்சு. நம் கையெழுத்துப் பத்திரிகைக்குப் பெயர் வைக்க மூன்று மாசம் சண்டை போட்டோமே, வந்தது இரண்டே இதழ். இப்போது சண்டைக்குக்கூட ஆள் இல்லை.

முதலில் மை, பேனா, இறகு, தாள் வகையறா. எழுதிப் பிழைக்கிற எல்லோரும் அங்கேதான் போய் முட்டிக்கொள்கிறோம். எதைத் தேடினாலும் ஏற்கனவே யாரோ வைத்திருக்கிறார்கள். தொழிலை அப்படியே சொல்கிற பெயரை வர்த்தகச் சின்னமாகப் பதிவதும் கஷ்டமாம். 'நல்ல எழுத்து' என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை ஒருத்திக்கு மட்டும் எப்படிக் கொடுப்பார்கள்? நியாயம்தான். இன்னொரு கூத்து கேள். வர்த்தகச் சின்னத்துக்காகச் சரக்கையும் சேவையையும் 45 வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். விளம்பர வாசகம் எழுதினால் 35, மற்ற எழுத்து 41. காலையில் சோப்புக்கு வாசகம், மத்தியானம் கட்டுரை என்று ஓடுகிற நான் ஒரே நாளில் இரண்டு வகுப்பு. பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பிலேயே ஒழுங்காக உட்காராதவள்!

மனசுக்குப் பிடித்தது 'பொழிப்பு'. சின்னச் சொல், அர்த்தமும் பொருத்தம். ஆனால் அதை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது? ழகரத்துக்கு இசட்-எச்சா, எல் எழுத்தா, வெறும் இசட்டா? நடுவில் பி ஒன்றா, இரண்டா? ஆறு விதமாக எழுதலாம். வாடிக்கையாளர் ஏழாவதைக் கண்டுபிடிப்பார். தமிழ் எழுத்திலேயே இணைய முகவரி வாங்க முடியும்தான். ஆனால் உள்ளே கணினி அதை 'எக்ஸ்என்' என்று தொடங்கும் ஒரு புரியாத கோர்வையாக மாற்றிவிடும். சில இடங்களில் அந்தக் கோர்வைதான் வெளியே தெரியும். சரி, காதால் கேட்டால் எப்படி இருக்கிறது என்று நம் குண்டூசிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "செருப்பா?" என்றான். அடித்துவிட்டேன். பெயரைத்தான்.

உன் பெயரையே வைத்துத் தொலையேன் என்பாய். அங்கேதான் உதைக்கிறது. தொழில் வளர்ந்து யாருக்காவது கைமாற்ற வேண்டி வந்தால் என் பெயரை எப்படிக் கழற்றிக் கொடுப்பது? இது ஊருக்குச் சொல்கிற காரணம். உனக்கு நிஜத்தைச் சொல்கிறேன். போன வாரம் நான் எழுதியது ஒன்று "உயிரே இல்லை" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அப்புறம் நோட்டை எடுத்து அந்த 43 பெயரையும் பார்த்தேன். எல்லாமே நான் பின்னால் போய் ஒளிந்துகொள்ளத் தோதாக எழுதியவை. ஏற்கனவே பாக்கி கேட்கும்போது "எங்கள் கணக்குப் பிரிவு தெரிவிக்கிறது" என்றுதானே எழுதுகிறேன்? கணக்குப் பிரிவும் நான்தான். ஆனால் ஒன்று, அவள் கேட்டால் காசு சீக்கிரம் வருகிறது.

நேற்று ராத்திரி 44-ஆவதாக ஒன்று எழுதினேன். கணக்கு வாத்தியார் நம் இரண்டு பேருக்கும் சேர்த்து வைத்தாரே, அது. தேடிப் பார்த்தேன், எவரும் வைத்திருக்கவில்லை. ழகரமும் இல்லை. பாதி உன்னுடையது என்பதால் கேட்காமல் பதிய மனசு வரவில்லை. சிரித்து முடித்துவிட்டுப் பதில் போடு. வெள்ளிக்கிழமை அடுத்த பில் போக வேண்டும்.

உன்,
மற்றப் பாதி