செயலாளரின் ஆண்டறிக்கை: நேஷனல் பேங்க் நோட்டுகளோடு ஒரு வருடம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தபடி, இந்த ஆண்டுக் கூட்டங்களை நேஷனல் பேங்க் நோட்டுகளுக்கே ஒதுக்கினோம். பிலடெல்பியாவில் பழைய நோட்டுகளைச் சேகரிக்கும் நமக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் வேறில்லை. 1863ஆம் ஆண்டின் அமெரிக்க வங்கிச் சட்டத்தின் கீழ் சார்ட்டர் எண் 1 (வங்கிக்கு மத்திய அரசு தந்த உரிமத்தின் எண்) பெற்றது இந்த ஊர் ஃபர்ஸ்ட் நேஷனல் பேங்க்தான். அரசுப் பத்திரங்களைக் கருவூலத்தில் ஈடு வைத்து, உள்ளூர் வங்கிகள் தங்கள் பெயரிலேயே நோட்டு விட்ட காலம் அது. ஈடாக இருந்த பத்திரங்களை அரசு 1935இல் மீட்டுக்கொண்டதோடு அந்த ஏற்பாடு முடிந்தது.

புதிதாகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் வங்கியின் பெயரையும் ஊரையும் மட்டும் குறித்துக்கொண்டு வந்தார்கள். அது போதாது. ஒரு வங்கி மூடியபின் அதே ஊரில் அதே பெயரில் இன்னொன்று புது எண்ணோடு திறந்ததும் உண்டு. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது சார்ட்டர் எண். ஆனால் அந்த எண்ணை நோட்டில் அச்சிடச் சொன்ன 1874 சட்டத்துக்கு முந்தைய நோட்டுகள் பலவற்றில் அது இருக்காது.

அதிகம் பயன்பட்டது 1929 வரிசை (நோட்டில் அந்த ஆண்டு குறித்த வடிவமைப்பு) பற்றிய கூட்டம். உறுப்பினர் ஒருவர் இரண்டு பத்து டாலர் நோட்டுகளை மேசைமேல் வைத்தார். இரண்டிலும் ஹாமில்டன் படம், பழுப்பு நிறக் கருவூல முத்திரை. ஒன்றில் சார்ட்டர் எண் கறுப்பில் மட்டும் இருந்தது. வரிசை எண் (ஒவ்வொரு நோட்டுக்கும் உள்ள தொடர் எண்) 'ஏ' என்ற எழுத்தில் முடிந்தது. அது முதல் வகை. ஒரு தாளில் அச்சான ஆறு நோட்டுக்கும் இலக்கங்கள் ஒன்றே, முன்னெழுத்து மட்டும் மாறும். மற்றதில் வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் சார்ட்டர் எண் பழுப்பிலும் அச்சாகியிருந்தது, கடைசி எழுத்து கிடையாது. அது இரண்டாம் வகை. அப்புறம், பழுப்பு முத்திரையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. 1933 வங்கி நெருக்கடியில் ஃபெடரல் ரிசர்வ் (அமெரிக்க மத்திய வங்கி அமைப்பு) வங்கிகளின் பெயரில் வந்த ஃபெடரல் ரிசர்வ் பேங்க் நோட்டும் இதே சாயல்தான். அதில் சார்ட்டர் எண் இருக்காது.

1902 வரிசையில் வங்கித் தலைவர், காசாளர் கையொப்பங்கள் ரப்பர் முத்திரையாக இருந்தால் பெரும்பாலும் மங்கியிருக்கும். அதன்மேல் மை தீட்டுவதையும், நோட்டைக் கழுவி இஸ்திரி போடுவதையும் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். சிறிய ஊர் வங்கிகள் சிலவற்றுக்கு இன்று ஓரிரு நோட்டுகளே மிஞ்சியிருக்கின்றன.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். உறுப்பினர்கள் தங்கள் நோட்டுகளின் இருபுறப் படத்தையும் எண்களையும் கொடுத்தால் அடுத்த ஆண்டு பதிவேடு ஒன்று தொடங்கலாம். அதற்கும் இவ்வறிக்கைக்கும் பொதுக்குழுவின் ஒப்புதலை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்