பாப்பா இனி படிக்க வரமாட்டாள், அக்கா

அக்கா,

திங்கட்கிழமையிலிருந்து பாப்பா சாயங்காலம் உன்னிடம் படிக்க வரமாட்டாள். இதை நேரில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொல்ல ஆரம்பித்ததுமே உன் குரல் கம்மிவிடும், நானும் "சரி, இந்தப் பரீட்சை முடியட்டும்" என்று பின்வாங்கிவிடுவேன். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பும் அதுதான் நடந்தது. இப்படி நாலு பேர் பார்க்க எழுத வேண்டுமா என்று நீ கேட்பாய். நான் சொல்வதை நீ குறுக்கே பேசாமல் கடைசி வரைக்கும் கேட்பது இங்கே மட்டும்தான். வருத்தமாக இருந்தால் மன்னித்துக்கொள். இருக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

அவளுக்காக நீ செய்ததையெல்லாம் நான் இங்கே அடுக்கப்போவதில்லை. அது நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

போன மாதம் அறிவியல் தேர்வுக்கு முந்தைய நாள் அவளை அழைத்துப் போக வந்தேன் இல்லையா? கண்ணை மூடிக்கொண்டு ஒளிச்சேர்க்கை பாடத்தை ஒப்பித்தாள். ஒரு வார்த்தை பிசகவில்லை. உனக்கு முகமெல்லாம் மலர்ச்சி. நான் சும்மாதான் கேட்டேன், "ராத்திரியில் செடி சுவாசிக்குமா?" என்று. அவள் உதடு மட்டும் அசைந்தது. முதல் வரியிலிருந்து மனதுக்குள் ஓட்டி, பதில் எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தாள். பாதியில் அறுந்துவிட்டது. நீ என்னைப் பார்த்து, "முதல் வரியை எடுத்துக் கொடு, கடகடவென்று வந்துவிடும்" என்றாய்.

தேர்வு அறையில் எடுத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள் அக்கா?

அன்றைக்கு ராத்திரிதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். ஒரு குழு ஒரு பாடப்பகுதியை நான்கு வேளை வாசித்தது. இன்னொரு குழு ஒரு வேளை மட்டும் வாசித்துவிட்டு, மற்ற மூன்று வேளையும் அதைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்து வாசித்தவர்கள் 40-க்கு இறங்கிவிட்டார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 61. எனக்கு உறைத்தது இன்னொரு விஷயம். ஒரு வாரம் கழித்தும் நிறைய நினைவிருக்கும் என்று அதிகமாக நம்பியது அந்த வாசித்த குழுதான். உன் வீட்டு வாசலில் நின்று பாப்பா "எல்லாம் படிச்சிட்டேன்மா" என்று சொல்கிறாளே, அவள் பொய் சொல்லவில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்கு அது உண்மைதான்.

"நான் இப்படித்தான் படித்தேன், விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து திரும்பத் திரும்ப வாசித்தேன், மார்க் வரவில்லையா?" என்பாய். வந்தது. ஆனால் நாலு மணி வாசிப்பால் வந்தது என்று நான் நம்பவில்லை. நீ எப்படிப் படித்தாய் என்பது உன்னைவிட எனக்குத்தான் தெரியும்.

எனக்கு ஏழு வயது இருக்கும், நீ பத்தாம் வகுப்பு. அம்மா வேலை முடிந்து வரும்வரை என்னை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு விளையாட ஆள் வேண்டும், உனக்குப் படிக்க வேண்டும். நீ கண்டுபிடித்த வழி, எனக்கு டீச்சர் ஆனது. மாடிப்படியில் என்னை உட்கார வைத்து, எதிரே நடந்துகொண்டே உன் பாடத்தை எனக்கு நடத்துவாய். புத்தகம் கையில் இருக்காது. டீச்சர் புத்தகத்தைப் பார்த்தால் நான் சிரிப்பேன், அது உனக்குப் பிடிக்காது.

ஒரு நாள் இதயம் நடத்தினாய். நாலு அறை, வலது பக்கம் கெட்ட ரத்தம், இடது பக்கம் நல்ல ரத்தம். நான் கேட்டேன், "போன ரத்தம் வந்த வழியே திரும்பி வராதா?" "வராது." "ஏன்?" "வராதுன்னா வராது." அப்புறம் நடையை நிறுத்திவிட்டாய். உனக்கே தெரியவில்லை என்பது உன் முகத்தில் தெரிந்தது. உள்ளே ஓடிப் போய் எதையோ படித்துவிட்டு வந்து, படிக்கு மேலே இருந்த கதவைத் தள்ளிக் காட்டினாய். இந்தப் பக்கமிருந்து தள்ளினால் திறக்கும், அந்தப் பக்கமிருந்து தள்ளினால் இன்னும் இறுக மூடிக்கொள்ளும், வால்வு என்றால் இதுதான் என்றாய். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டேன். அடுத்த வாரமும் கேட்டேன். நீயும் சலிக்காமல் முதலிலிருந்து சொன்னாய். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறு மாதிரி, கொஞ்சம் இன்னும் தெளிவாக. நான் இடையில் தப்பாகச் சொன்னால் திருத்தினாய். எத்தனையோ வருடம் கழித்து அப்பாவின் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் முழித்தபோது, கதவு சரியாக மூடவில்லை, அவ்வளவுதான் என்று எங்களுக்கு விளக்கியவள் நீ. அந்தப் பாடம் உனக்கு அதுவரைக்கும் இருந்தது.

இதைத்தான் 2018-ல் வந்த ஓர் ஆய்வும் சொல்கிறது. கையில் எதுவும் இல்லாமல் பாடம் நடத்தியவர்களுக்கு ஒரு வாரம் கழித்தும் அது நன்றாக நினைவிருந்தது. எழுதி வைத்த பாடத்தைப் பார்த்து நடத்தியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதாவது டீச்சர் வேஷத்தால் மட்டும் பலன் வந்துவிடவில்லை, பாடத்தை உள்ளேயிருந்து தேடி எடுத்ததால் வந்தது. நான் இரண்டு நாள் கழித்தும் அடுத்த வாரமும் கேட்டேனே, அதற்கும் கணக்கு இருக்கிறது. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-லேயே தன்னை வைத்தே சோதித்து எழுதியிருக்கிறார்: ஒரே நாளில் 68 தடவை உருப்போட்டுக் கிடைத்த பலன், மூன்று நாளாகப் பிரித்துச் செய்தபோது 38 தடவையிலேயே கிடைத்ததாம்.

நம் வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள், "தங்கச்சியையும் பார்த்துக்கிட்டு அவ்வளவு மார்க் எடுத்தவள்" என்று. எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் எரிச்சலாக வரும். பார்த்துக்கொண்டதால்தான் எடுத்தாய்! உனக்குப் படியில் உட்கார்ந்து "ஏன், ஏன்" என்று கேட்க நான் இருந்தேன். எனக்கு யார் இருந்தார்கள்? நான் பத்தாம் வகுப்பு வந்தபோது நீ எனக்குக் கொடுத்தது நாலு மணி அலாரமும், பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்ட உன் பழைய புத்தகமும். படி இல்லை, டீச்சர் விளையாட்டு இல்லை. அந்தத் தேர்வு முடிவு வந்த நாளைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. நம் சொந்தக்காரர்கள் சிலரும் இதைப் படிக்கிறார்கள், அவர்கள் அன்றைக்குச் சொன்னது போதும். நீ அன்றைக்கு என் பக்கம் நின்றாய் என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன். என்னோடு நின்றாய், ஆனால் "இன்னும் ரெண்டு தடவை வாசிச்சிருக்கலாம்" என்றும் சொன்னாய்.

உன் மேல் குற்றம் சொல்கிறேனா? தெரியவில்லை. உனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

கணக்கைப் பற்றியும் ஒன்று. ஒரு பயிற்சியில் இருக்கும் எல்லாக் கணக்கையும் வரிசையாகப் போட வைக்கிறாய். தலைப்பிலேயே கூட்டு வட்டி என்று இருக்கும்போது எந்தச் சூத்திரம் என்று யோசிக்கும் வேலையே அவளுக்கு இல்லை. தேர்வுத் தாளில் தலைப்பு இருக்காது. தனி வட்டி, கூட்டு வட்டி, லாப நட்டம் என்று கலந்து கொடுத்தால் முதலில் திணறுகிறாள், நிறையத் தப்பு வருகிறது. வரட்டும் என்றுதான் விட்டிருக்கிறேன். அப்புறம் தூக்கம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். பத்தரைக்குப் படுக்கிறவளை நாலு மணிக்கு போன் செய்து எழுப்பாதே. இதில் நான் இறங்கி வரப்போவதில்லை.

அவள் இல்லாத சாயங்காலம் உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால் ஒரு ஏற்பாடு. செவ்வாயும் சனியும் வருவாள். புத்தகப் பை வராது. அந்த வாரப் பாடத்தில் ஒன்றும், போன மாதப் பாடத்தில் ஒன்றும் அவள் உனக்கு நடத்துவாள். நீ படியில் உட்கார வேண்டும், அவள் நடப்பாள். உனக்குத் தெரிந்ததையும் தெரியாத மாதிரி "ஏன்?" என்று கேள். அவள் முழித்தால் உடனே சொல்லிவிடாதே, ஒரு நிமிடமாவது தேட விடு. அதற்கு மேல் வரவில்லை என்றால் அவளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். முதல் வரியை மட்டும் எடுத்துக் கொடுக்காதே.

அவள் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது உனக்குக் கஷ்டம். முடியாது என்று தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடு, கீழ்வீட்டுப் பையனை உட்கார வைத்துக்கொள்கிறோம். அவன் ஏழு வயதுக்காரன், எல்லாவற்றுக்கும் ஏன் என்று கேட்கிறான்.