பிள்ளைகளுக்கு ஒரு சமமான தரை வேண்டும்: வலயக் கல்வி அதிகாரிகளுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு வந்த மேற்பார்வைக் குழு, "விஞ்ஞான பாடவேளையில் பந்து விளையாட்டு" என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போயிருக்கிறது. அந்தப் பாடத்தை நடத்திய ஆசிரியை நான்தான்.

அது விளையாட்டு அல்ல. எவ்வளவு உயரத்திலிருந்து விட்டால் பந்து எவ்வளவு துள்ளும் என்று தரம் 10 பிள்ளைகள் அளந்துகொண்டிருந்தார்கள். 1 மீற்றரிலிருந்து விட்ட டெனிஸ் பந்து 55 சென்ரிமீற்றர் எழும்பியது. "2 மீற்றருக்கு 110 வரணுமே, 103தான் வருது, ஏன் டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். வேகமாக மோதும் பந்து கூடுதலாக நசுங்கும், சக்தியில் கூடுதல் பங்கு வெப்பமாகப் போய்விடும், காற்றும் கொஞ்சம் தடுக்கும். நான் சொல்லி முடிக்குமுன் குழு உள்ளே வந்துவிட்டது.

அந்த 103ஐ எடுக்க நாங்கள் பட்ட பாடு அவர்களுக்குத் தெரியாது. வகுப்பறையில் சீமெந்து பெயர்ந்து குழி குழியாகக் கிடப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். மூன்று வருடமாகக் கடிதம் எழுதுகிறோம். நேராக விட்ட பந்து பக்கவாட்டில் தெறித்து, படி தாண்டி, தேயிலைக்குள் உருண்டு ஓடும். யாராவது இறங்கித் தேட வேண்டும். அன்று மழை வேறு. ஏழாவது தடவை பந்தோடு ஏறி வந்த பையனுக்கு இரண்டு கணுக்காலிலும் அட்டை, வெள்ளைக் காலுறையெல்லாம் இரத்தம். "இன்னொருக்கா போடுவோம் டீச்சர்" என்றான்.

சமமான தரை இல்லாமல் இந்த அளவுகளுக்கு அர்த்தமே இல்லை. ஃபிஃபாகூட உதைபந்தை 2 மீற்றரிலிருந்து உருக்குத் தகட்டின் மேல்தான் விட்டுப் பார்க்கிறது. குளிரில் துள்ளல் குறையும் என்பதால் 5 பாகை செல்சியசிலும் பார்க்கிறது. உயரமான இடத்தில் துள்ளல் மாறும் என்பதால், டெனிஸில் கடல் மட்டத்திலிருந்து 1219 மீற்றருக்கு மேலே ஆடத் தனிப் பந்தே உண்டு. நுவரெலியா 1868 மீற்றர். குளிரும் உயரமும் எங்கள் வாசலிலேயே இருக்கின்றன. தரைதான் இல்லை.

மலையகப் பிள்ளைகள் விஞ்ஞானத்தில் பின்தங்கியவர்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறோம். 2023இல் மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 வருடம் என்று மேடை போட்டபோதும் கேட்டோம். பின்தங்க விட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சரி, சண்டைக்கு நான் வரவில்லை. ஒரே ஒரு வகுப்பறைக்குச் சமமான சீமெந்துத் தரை போட்டுத் தாருங்கள். மணலும் கல்லும் சுமக்கப் பெற்றோர் தயார். பதிவேட்டில் எழுதியதையும் தயவுசெய்து திருத்துங்கள். அடுத்த தவணைக்குள் செய்தால் நல்லது. பிள்ளைகளின் கொப்பியில் 2.5 மீற்றருக்குரிய கட்டம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு தோட்டப் பாடசாலை விஞ்ஞான ஆசிரியை