மணல் லாரியில் இடம் கொடுத்த அண்ணன்மார்களுக்கு

வணக்கம்.

மணிப்பூரில் நோங்போக் காக்சிங் கிராமத்துப் பக்கமிருந்து இம்பாலுக்கு ஆற்று மணல் ஏற்றிப் போன லாரி ஓட்டுநர்களுக்கும் கிளீனர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்து சேருமா, வந்தாலும் தமிழைப் படித்துச் சொல்ல ஆள் கிடைப்பாரா என்பதும் தெரியாது. ஆனாலும் நாலு பேர் அறிய உங்களுக்கு நன்றி சொல்லிவிட வேண்டும் என்று 2021-லிருந்தே மனசில் கிடக்கிறது. இன்று உட்கார்ந்துவிட்டேன்.

சைகோம் மீராபாய் சானு ஒலிம்பிக் பளுதூக்குதலில் வெள்ளி வாங்கியது நாடு முழுக்கத் தெரியும். விடியற்காலையில் பையும் கையுமாக ரோட்டோரம் நின்ற பள்ளிக்கூடத்துப் பெண்ணாக அவரை அறிந்தவர்கள் நீங்கள்.

ஆறு பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. அப்பாவுக்குப் பொதுப்பணித் துறையில் சொற்ப வருமானம் தரும் வேலை. அம்மாவுக்கு டீக்கடை. காட்டுக்கு விறகு பொறுக்கப் போன இடத்தில், அண்ணனால் தூக்க முடியாத கட்டை இந்தப் பெண் அலட்டிக்கொள்ளாமல் தூக்கி வந்ததாக வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயதுதான். ஆனால் அவர் முதலில் ஆசைப்பட்டது வில்வித்தைக்கு. அதைத் தேடித்தான் இம்பாலின் குமான் லம்பாக் மைதானத்துக்குப் போனார். போன அன்று வில்லாளர்கள் யாரையும் பார்க்க முடியவில்லை. அப்புறம்தான் மணிப்பூரின் குஞ்சராணி தேவி பளு தூக்கும் காட்சிகளைப் பார்த்து மனம் மாறினார். உலகச் சாம்பியன்ஷிப்களில் வெள்ளி மேல் வெள்ளியாகக் குவித்த குஞ்சராணி அம்மாவுக்கும், குமான் லம்பாக்கில் இந்தப் பெண்ணைச் சேர்த்துக்கொண்டு முதல் பாடம் சொல்லித் தந்த பயிற்சியாளர் அனிதா சானுவுக்கும் என் வணக்கம்.

சரி, சேர்ந்தாயிற்று. தினமும் போய் வருவது எப்படி? ஒரு வழிக்கே இருபது கிலோமீட்டருக்கு மேல். இரண்டு பஸ் மாற வேண்டும். விடியும் முன்பே கிளம்பினால்தான் காலைப் பயிற்சிக்குப் போய்ச் சேர முடியும். பயிற்சி முடிந்ததும் பள்ளிக்கூடம் வேறு. டீக்கடை வருமானத்தில் ஆறு பிள்ளைகளை வளர்க்கும் வீட்டில், ஒரு பிள்ளையின் பஸ் காசு என்பது தினமும் கணக்குப் பார்த்து எடுத்து வைக்கிற காசு. அங்கேதான் நீங்கள் வந்தீர்கள். அவர் அம்மாவின் கடையில் டீ குடிக்க நிறுத்தும் நீங்கள், இம்பாலுக்குப் போகிற வழியில் அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டீர்கள். ஒரு பைசா வாங்கவில்லை. இப்படியே வருடக்கணக்காக நடந்திருக்கிறது.

இது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். என் அப்பாவும் லாரி ஓட்டியவர்தான். முப்பது வருடம் ஓட்டினார். சிறு பிள்ளையில் லீவு நாட்களில் அவரோடு கேபினில் போயிருக்கிறேன். இன்ஜின் சூடு காலில் ஏறும். சீட்டில் டீசல் வாசனையும் வியர்வை வாசனையும் கலந்து கிடக்கும். யாராவது ஏறினால் அப்பா முதலில் செய்வது, தன் துண்டை எடுத்து சீட்டைத் துடைப்பது. ஏற்றுவதற்கு முன்னால் அவர் நிறைய யோசிப்பார். ஆள் ஏற்றக் கூடாது என்று முதலாளி சொல்லியிருப்பார். வழியில் மறித்துக் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் ஆயுசுக்கும் பழி நம் தலையில்தான். அதுவும் அடுத்த வீட்டுப் பெண் பிள்ளை, இருட்டு நேரம். அப்பா அடிக்கடி சொல்வார், “லோடு கவுந்தாக்கூட மறுபடி ஏத்திக்கலாம். ஆளு அப்படி இல்லம்மா.”

அந்த ஆளைத்தான் நீங்கள் நாள் தவறாமல் பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கினீர்கள். காசு வாங்காததைவிட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது. மகளை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு ஒரு தாய் நிம்மதியாகக் கடையைத் திறந்திருக்கிறார் என்றால், அந்த நம்பிக்கையை நீங்கள் ஒருநாளும் கெடுக்கவில்லை. பெண் பிள்ளையை விளையாட்டுக்கு அனுப்பப் பயப்படுகிற வீடுகள் எத்தனையோ உண்டு. அந்தப் பயம் முக்கால்வாசி மைதானத்தைப் பற்றியது அல்ல, போகிற வருகிற வழியைப் பற்றியது. எனக்கும் பள்ளியில் ஓட்டப் பந்தயம் அப்படித்தான் நின்றது. அப்பா வெளியூரில் இருப்பார், சாயங்காலம் கூட்டி வர ஆள் இல்லை. அதற்காக வீட்டில் யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் உங்களைப் பற்றிப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்து அம்மாவுக்கு. உங்கள் ஊர்ப் பேச்சில் இமா என்று அழைப்பீர்கள் அல்லவா, அந்த இமாவுக்கு. 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு முன்னால் தன் நகையை விற்று, ஐந்து ஒலிம்பிக் வளையங்களின் வடிவில் மகளுக்குத் தங்கத் தோடு செய்து போட்டவர் அவர். கழுத்திலும் கையிலும் கிடப்பதை மகளின் கல்யாணத்துக்கு என்று எடுத்து வைக்கிற தாய்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். மகளின் போட்டிக்காக நகையை விற்ற தாயை நினைத்தால் கண் கலங்குகிறது.

அந்த ரியோவில்தான் எல்லாம் தவறிப் போனது. ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்சில் மூன்று, தோளுக்கு ஏற்றி நிறுத்திப் பிறகு தலைக்கு மேல் தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று என்று ஆறு வாய்ப்பு. அதில் ஒன்றே ஒன்றுதான் கைகூடியது. இரண்டிலும் தூக்கிய அதிக எடைகளைக் கூட்டினால்தான் மொத்தம். கிளீன் அண்ட் ஜெர்க் மூன்றும் போனதால் மொத்தக் கணக்கே இல்லை. பெயருக்கு நேரே எடை எழுத வேண்டிய இடத்தில், போட்டியை முடிக்கவில்லை என்று எழுதினார்கள். விளையாட்டையே விட்டுவிடலாமா என்ற அளவுக்கு அவர் மனம் உடைந்திருந்தார். அந்தச் சமயத்தில் கூடவே நின்ற பயிற்சியாளர் விஜய் சர்மாவுக்கு நன்றி. பாட்டியாலா முகாமில் தூக்கும் முறையை மாற்றி, பயிற்சியை மாற்றி, அடுத்த வருடமே அவரை எழுப்பி நிறுத்தினார். 2017 நவம்பரில் அமெரிக்காவின் அனஹைம் நகரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில், உடல் எடை 48 கிலோ பிரிவில், மொத்தம் 194 கிலோ தூக்கித் தங்கம். 1995-ல் கர்ணம் மல்லேஸ்வரி வென்ற பிறகு, 22 வருடம் கழித்து இந்தியாவுக்கு வந்த தங்கம் அது. 2018-ல் கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் 196 கிலோவோடு இன்னொரு தங்கம்.

அதே 2018-ல் முதுகு வலி வந்து ஆசிய விளையாட்டுப் போட்டிக்கே போக முடியாமல் போனது. இந்த விளையாட்டில் உடம்பு தன் கணக்கைத் தனியாக எழுதிக்கொண்டே வரும். அந்தக் கணக்கைப் பார்த்துச் சரிசெய்தவர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து பிசியோதெரபிஸ்ட் ஆரன் ஹார்ஷிக். 2020 கடைசியிலும் 2021 மே மாதமும் அவரிடம் போய் முதுகையும் தோளையும் பார்த்துக்கொண்டார் மீராபாய். கொரோனாவின் இரண்டாம் அலையில் அமெரிக்கா கதவைச் சாத்துவதற்குச் சற்று முன்புதான் அவர் போய் இறங்கினார். அங்கிருந்தே நேரே டோக்கியோ. அதே 2021 ஏப்ரலில், தாஷ்கண்ட் ஆசியச் சாம்பியன்ஷிப்பில், கிளீன் அண்ட் ஜெர்க்கில் 119 கிலோ தூக்கி உலக சாதனையும் வைத்திருந்தார். ஹார்ஷிக்குக்கும் அவரிடம் அனுப்பி வைத்தவர்களுக்கும் நன்றி.

2021 ஜூலை 24, சனிக்கிழமை. டோக்கியோவில் பதக்கங்கள் தொடங்கிய முதல் நாள். அப்பாவும் நானும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஸ்னாட்சில் 84, அடுத்து 87. 89 தவறியது. கிளீன் அண்ட் ஜெர்க்கில் முதலில் 110. அப்புறம் கம்பியில் 115 ஏறியது. மேடைக்கு வந்தவரின் காதில் அந்த ஐந்து வளையத் தோடு. கையில் வெள்ளைப் பொடி. குனிந்து பிடித்தார். ஒரே வீச்சில் கம்பி கழுத்து எலும்புக்கு வந்தது, உட்கார்ந்து எழுந்தார். 49 கிலோ பிரிவுக்கார உடம்பு அது. அதைப் போல இரண்டே கால் மடங்குக்கும் மேற்பட்ட எடை மார்பில் கிடக்கிறது. ஒரு மூச்சு. முழங்கால் லேசாக மடங்கி நிமிர்ந்தது, காலைப் பிரித்து வைத்தார், கம்பி தலைக்கு மேல். அப்பா மூச்சு விடவில்லை. கீழே போட்ட பிறகுதான், “லோடு இறங்கிருச்சு” என்றார். சொன்ன குரல் உடைந்திருந்தது. மூன்றாவதாகக் கேட்ட 117 கைகூடவில்லை. 202 கிலோ, வெள்ளி. தங்கம் 210 தூக்கிய சீனாவின் ஹௌ சிஹுய்க்கு. 2000-ல் சிட்னியில் மல்லேஸ்வரி வாங்கிய வெண்கலத்துக்குப் பிறகு பளுதூக்குதலில் இந்தியா கண்ட ஒலிம்பிக் பதக்கம் இதுதான்.

ஊருக்கு வந்ததும் மாலை, மேடை, பரிசு என்று ஆயிரம் பேர் காத்திருந்தார்கள். மீராபாய் உங்களைத் தேடினார். ஆகஸ்ட் 5 அன்று ஏறக்குறைய 150 ஓட்டுநர்களையும் கிளீனர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார். ஆளுக்கு ஒரு சட்டை, ஒரு மணிப்பூரி அங்கவஸ்திரம். உங்களைப் பார்த்ததும் அவர் கண் நிறைந்துவிட்டது. அந்தச் செய்தியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். லாரிக்காரனைக் கூப்பிட்டு இலை போட்டவர்களை அவர் தன் முப்பது வருடத்தில் அதிகம் பார்த்ததில்லை. உங்களில் யாருக்காவது அன்றைக்குத்தான், நாம் ஏற்றிவந்த அந்தச் சின்னப் பெண் இவர்தான் என்று தெரிந்ததோ என்னவோ. தெரிந்த நொடியில் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் பட்டதும் கொஞ்சமல்ல. 2022-ல் பர்மிங்காமில் காமன்வெல்த் தங்கம், அதே வருடக் கடைசியில் மணிக்கட்டு வலியோடு பொகோட்டாவில் உலக வெள்ளி. 2023-ல் இனக் கலவரத்தில் மணிப்பூரே பற்றி எரிந்தபோது, அமெரிக்காவில் பயிற்சியில் இருந்தவர் என் ஊரைக் காப்பாற்றுங்கள் என்று பிரதமரிடம் வீடியோவில் கேட்டுக்கொண்டார். அந்த நாட்களில் நீங்கள் எந்த ரோட்டில் இருந்தீர்களோ, வண்டி ஓடியதோ இல்லையோ என்று இங்கே கவலையாக இருந்தது. அந்தச் செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 117 கிலோவோடு மல்லுக்கட்டி மேடையிலேயே விழுந்தார். இடுப்பில் காயம். பல மாதம் கம்பியைத் தொட முடியவில்லை. 2024 ஆகஸ்ட் 7 அன்று பாரிஸ், மறுநாள் அவருடைய முப்பதாவது பிறந்தநாள். 199 கிலோ தூக்கினார். வெண்கலம் வாங்கிய தாய்லாந்துப் பெண் 200. ஒரே ஒரு கிலோ. அன்று மாதவிடாயின் மூன்றாவது நாள், உடம்பில் கொஞ்சம் சோர்வு இருந்தது என்று அவரே எல்லோர் முன்பும் சொன்னார். அதைச் சொன்னதற்காக ஒரு பெண்ணாக அவருக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

இத்தோடு முடிந்தது என்று பேசியவர்கள் உண்டு. 2025 அக்டோபரில் நார்வேயின் ஃபோர்டே நகரில் உலகச் சாம்பியன்ஷிப், மறுபடி 48 கிலோ பிரிவு. மொத்தம் 199, வெள்ளி. அதில் கிளீன் அண்ட் ஜெர்க் எவ்வளவு தெரியுமா? டோக்கியோவில் தூக்கிய அதே 115. வயது 31, இடுப்பும் முதுகும் மணிக்கட்டும் ஒவ்வொரு தடவை படுத்தியெடுத்த உடம்பு. எண்ணைப் பார்த்ததும் நான் போனை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் ஓடினேன்.

அப்பா இப்போது வண்டி ஓட்டுவதில்லை. கண் பார்வை கொஞ்சம் மங்கல். இந்தக் கடிதம் எழுதுகிறேன் என்றதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். மழைக் காலத்தில் உங்கள் மலைப்பாதையில் மணல் லோடு எப்படி இழுக்கும், பின் சக்கரம் வழுக்காதா, அந்தப் பிள்ளை கேபினில் தூங்கிவிட்டால் இறங்குமிடத்தில் எழுப்பி விடுவீர்களா என்றெல்லாம் கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்கள் எல்லோரையும் அவர் விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
லாரி ஓட்டுநர் ஒருவரின் மகள்