பிரசவ அறைக்கும் ஸ்கேன் மெஷின் வேண்டும்

ஐயா,

சிசேரியன் பெருகிவருவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் என்பதால், அதில் விட்டுப்போன ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது.

கர்ப்பகாலம் முழுக்க ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுக்கிறோம். வலி கண்டு டேபிளில் படுத்தபிறகு, குழந்தையின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை மட்டும் இன்னும் பெரும்பாலும் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்கிறோம். முகம் தாயின் முதுகைப் பார்த்திருந்தால் கவலையில்லை. வயிற்றுப் பக்கம் பார்த்துக் கிடந்தால் வலி இழுத்துக்கொண்டே போகும். பிள்ளைத்தாய்ச்சிக்கு இடுப்பே விட்டுப்போகும். நேரம் ஆக ஆகத் தலையில் நீர் கோத்து வீங்கிவிடும். மண்டை ஓட்டின் தையல்கோடோ உச்சிக்குழியோ கைக்குத் தட்டுப்படாது. ஒருவர் "சரியா இருக்கு" என்பார், அடுத்த டியூட்டிக்கு வருபவர் "மேலே பார்க்குதே" என்பார். இந்தக் குழப்பத்தோடு, தலையைக் கவ்வி இழுக்கும் வாக்யூம் கப்பை இடம் தப்பிப் போட்டால் கழன்று வந்துவிடும். குழந்தையின் தலையிலும் காயம்.

அடிவயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தால் சட்டென்று தெரிந்துவிடும். கண்குழி இரண்டும் மேல்நோக்கித் தெரிந்தால் அப்புறம் வாதமே இல்லை. அயர்லாந்தில் தலைப்பிரசவத் தாய்மார் 500-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. ஆயுதம் (வாக்யூமோ இடுக்கியோ) போடும் முன் கையால் மட்டும் பார்த்தபோது நூற்றுக்கு 20 பேருக்குத் தலையின் நிலை தவறாகக் கணிக்கப்பட்டது. ஸ்கேனும் சேர்ந்தபோது 2 பேருக்கும் குறைவு. இதனால் சிசேரியன் குறையும் என்று நான் சொல்லவில்லை. வலி கண்ட எல்லாருக்கும் எடுக்கவும் வேண்டாம். பிரசவம் முன்னேறாமல் நின்றுபோனால், ஆயுதம் போடுவதற்கு முன்னால், எடுத்தால் போதும்.

கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கிறதே என்பார்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிய ஊர் எங்கள் சேலம். அந்தச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்ல எங்களுக்கு வாய் வராது. மெஷினைப் பதிவு செய்து, தகுதியுள்ள டாக்டரே பார்த்து, ஒவ்வொரு ஸ்கேனுக்கும் அந்தச் சட்டம் கேட்கும் எஃப் படிவத்தையும் நிரப்பினால் சட்டம் தடுக்கவில்லை. நிரப்புவதற்குத்தான் அலுப்பு.

சேலத்துக்குள் இருப்பவர்களாவது பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஓடிவிடலாம். ஏற்காட்டில் தலை திரும்பாமல் நின்றுவிட்டால், 108-இல் ஏற்றி 20 கொண்டை ஊசி வளைவு இறக்க வேண்டும். கீழே அனுப்பும் முடிவை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் அங்கே எல்லாம். ஆகவே மலையிலுள்ள பிரசவ அறைகளுக்கு முதலில் ஒரு சிறிய மெஷினும், இரவுப் பணி டாக்டர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கச் சுகாதாரத்துறை முன்வர வேண்டும்.

– ஓய்வுபெற்ற செவிலியர், அஸ்தம்பட்டி, சேலம்